மாப்பிள்ளை விசாரிக்க வந்தவர்

சென்ற மாதம் நாகர்கோவிலில் ஓர் ஓட்டல் மாடியில் மனிதவளத் துறைக்காரர்கள் கூடினோம். பெரும்பாலும் இளவட்டம். என்னைப் போலத் தலை நரைத்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இப்போது எச்.ஆர். வேலையே ஒப்பந்தத்தில்தான் கிடைக்கிறதாம். பிரசவ விடுப்பில் போனவர் திரும்பும்வரை ஒருத்தர், புது மென்பொருள் ஏற்றி முடிக்கும்வரை ஒருத்தர், ஆள் எடுக்கும் பருவத்துக்கு மட்டும் ஒருத்தர். அந்தப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி யாராவது பேசினால் தேவலை என்று அமைப்பாளர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பாதி ஆயுளை ஒப்பந்த எச்.ஆராகவே ஓட்டி ஓய்வு பெற்ற மனிதன் என்று என்னைத் தேடிப் பிடித்து மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ஓய்வு பெற்றவன் என்பதே பெரிய வார்த்தை. கடைசி ஒப்பந்தம் முடிந்தது, அடுத்தது வரவில்லை, அவ்வளவுதான்.

மேடையில் தொழில் சமாச்சாரம்தான் சொன்னேன். சேர்ந்த அன்றே ஒப்படைப்புக் குறிப்பை எழுத ஆரம்பித்துவிடுங்கள். நீட்டிப்பு தருவதாக வாய்ப்பேச்சில் சொன்னால் சிரித்துவிட்டு, எழுத்தில் கேளுங்கள். நிரந்தரமாக இருக்கும் எச்.ஆரோடு போட்டி போடாதீர்கள், நீங்கள் போன பிறகும் அவர்தான் அங்கே இருக்கப் போகிறார். கைதட்டினார்கள். ஒரு பெண் எழுந்து, "சார், நீங்க பாத்ததுலயே கஷ்டமான கேஸ் எது?" என்று கேட்டாள். ஒரு தொழிற்சங்கத் தகராறைச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். உண்மையான பதில் வேறு. அதை மேடையில் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நான் தொழில் பழகியது கோயம்புத்தூரில் ஒரு மில்லில். வருகைப் பதிவு, பி.எஃப்., கேன்டீன் தகராறு என்று எல்லாம் அங்கே கற்றதுதான். அது நிரந்தர வேலை. அப்பா பக்கவாதத்தில் விழுந்ததும் விட்டுவிட்டுச் சொந்த ஊரான இரணியலுக்கு வந்தேன். நம் பக்கத்தில் எனக்கேற்ற நிரந்தர நாற்காலி எதுவும் காலியாக இல்லை. மில்லில் எனக்கு மேலதிகாரியாக இருந்த வசந்தா மேடம், தனியாக ஒரு நிறுவனம் தொடங்கி, கம்பெனிகளுக்கு ஒப்பந்தத்தில் எச்.ஆர். ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். "உங்க ஊர்ப்பக்கம் வேலை வந்தா நீங்கதான்" என்றார். அன்று தொடங்கியது.

ஒப்பந்தக்காரனை எதற்கு அழைக்கிறார்கள் என்று போகப் போகத்தான் புரிந்தது. சும்மா நாற்காலி நிரப்ப அழைப்பதும் உண்டு. ஆனால் நல்ல சம்பளம் கொடுத்து அழைத்தால் அநேகமாகக் கெட்ட செய்தி சொல்லத்தான். வீட்டுக்கு அனுப்பப் போகிறவர்களிடம் அதைச் சொல்ல, வருடக்கணக்காக அவர்களோடு சேர்ந்து சாப்பிட்ட எச்.ஆருக்கு மனம் வராது. வெளியிலிருந்து ஒருவன் வந்து சொல்லிவிட்டு, ஒப்பந்தம் முடிந்து போய்விட்டால் அவனோடு கோபமும் போய்விடும் என்பது கணக்கு. சென்னையிலும் கோவையிலும் அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம். நம் மாவட்டத்தில் அப்படிப் போக இடம் ஏது? மார்த்தாண்டத்தில் ஒருவரை வேலையிலிருந்து அனுப்பினால், தக்கலை பஸ்ஸில் அவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் கையுறை செய்யும் ஒரு ரப்பர் கம்பெனி. இரண்டு பிரிவுகளை ஒன்றாக்கப் போகிறார்கள். மேற்பார்வை, தரம், அலுவலகம் ஆகியவற்றில் சிலரை நிறுத்துவதாக முடிவு. அதற்காக எனக்குப் பதினொரு மாத ஒப்பந்தம். முதல் வாரம் மேடமே கோவையிலிருந்து வந்து கூட இருந்தார்.

அவருடைய முறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கெட்ட செய்தி சொல்லும்போது மேஜைக்குப் பின்னால் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் உட்காருவார். வருகிறவர் உட்கார்ந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர். பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுவார். சுற்றி வளைத்து, கம்பெனியின் கஷ்டத்தைச் சொல்லி, பிறகு விஷயத்துக்கு வருகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அவங்களை எதுக்குங்க தவிக்க விடறீங்க?" என்பார். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் அழுதாலும் திட்டினாலும் அவர் பேசி முடிக்கும்வரை மேடத்திடமிருந்து ஒரு வார்த்தை வராது. நான் பார்த்தவர்களில் இந்தக் கொடுமையான வேலையைக் கௌரவமாகச் செய்தவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் இன்னொரு கண்டிப்பு உண்டு. வேலையில் இருப்பவர்களைப் பற்றி வெளியாள் யார் கேட்டாலும், எதற்குக் கேட்டாலும், ஒரே பதில்: "எங்கள் ஆட்களைப் பற்றி வெளியில் நான் எதுவும் சொல்வதில்லை." நல்லவனைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில், போகப் போகிறவனைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில், ஒரே முகம், ஒரே குரல். என்னை எதிரில் உட்கார வைத்து அதைச் சொல்லச் சொல்லிப் பழக்கினார். இரண்டாம் முறை என் குரல் கொஞ்சம் இளகியபோது, "பாத்தீங்களா, இப்பவே எனக்கு ஒரு விஷயம் தெரிஞ்சு போச்சு" என்றார். அந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டேன். அவ்வளவு நன்றாகப் படித்திருக்க வேண்டாம்.

ஏனென்றால் நம் ஊரில் எச்.ஆரிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் வங்கிக்காரர்களோ போலீசோ இல்லை, பெண்ணைப் பெற்றவர்கள். வரன் வந்ததும் பையன் வேலை செய்யும் இடத்தில் தெரிந்தவர் யார் என்று துழாவி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்துவிடுவார்கள். குடிப்பானா, கூட்டாளிகள் எப்படி, வேலை உறுதியா என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வதிலும் ஒரு வழக்கம் இருக்கிறது. நல்ல பையன் என்றால் கேள்வி முடிவதற்குள், 'தங்கமான பயலாக்கும்' என்று சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் யோசித்து 'குழப்பமில்லை' என்றால் ஏதோ சின்னக் குறை இருக்கிறது, ஆனால் கொடுக்கலாம். 'எனக்கு அவ்வளவா தெரியாது, வேற யார்ட்டயாவது கேளுங்க' என்றால் அந்தப் பக்கமே போகாதே என்று பொருள். யாரும் யாரையும் வாய் திறந்து கெட்டவன் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அந்தக் கம்பெனியில் நான் சேர்ந்து நாலு மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு காலை தங்கராஜ் அண்ணன் வந்தார். இரணியல் சந்திப்பில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர், எங்கள் வீட்டுக்கு ஆணி முதல் தண்ணீர்த் தொட்டிவரை அவர் கடையில் வாங்கியதுதான். என் மனைவி லதா தேநீர் கொடுத்தாள். அவர் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"எனக்க மவ அனிதாவுக்கு ஒரு ஆலோசனை வந்திருக்கு. பய ஒனக்க கம்பெனியிலதான். சுஜின்னு பேரு, திற்பரப்பு பக்கம் வீடு. பொண்ணு பாத்துட்டுப் போனாவ. பிள்ளைக்கும் பிடிச்சிருக்கு, அவனுக்கும் பிடிச்சிருக்கு. அடுத்த வாரம் நிச்சயம் வைக்கலாம்னு இருக்கு. பய எப்படி, கொள்ளாமா?"

சுஜினை எனக்கு நன்றாகத் தெரியும். தரப் பிரிவில் இருந்தான். ஓட்டைக் கையுறை ஒன்று அவன் கண்ணுக்குத் தப்பாது. கேன்டீனில் எல்லாரும் எழுந்து போன பிறகும் வயதான துப்புரவுக்காரரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான். பொய் சொல்ல வராது, சொன்னால் காது சிவந்துவிடும். நிறுத்தப் போகிறவர்களில் அவன் இல்லை. புதிய பிரிவுக்கு அவன் வேண்டும் என்று கம்பெனியே முதலில் குறித்த பெயர்களில் ஒன்று அவனுடையது.

நான் சொன்னேன்: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. எங்க ஆட்களப் பத்தி வெளிய நான் ஒண்ணும் சொல்றதில்ல."

தங்கராஜ் அண்ணன் என் முகத்தையே பார்த்தார். மேடம் பழக்கிய அதே முகம்தான் அவருக்குக் கிடைத்தது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, "சரி. எனக்கு வெளங்கிச்சு. நீ சொன்னதா நான் ஆர்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். என் தோளில் கூட நன்றியோடு ஒரு தட்டுத் தட்டினார். அந்தத் தட்டு இப்போதும் என் தோளில் இருக்கிறது.

அவர் படி இறங்கியதும் லதா உள்ளிருந்து வந்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? அந்தப் பய குடிகாரனா?"

"சே, நல்ல பையன்."

"பின்ன ஏன் அப்படிச் சொன்னிய? அவரு நிச்சயத்த நிறுத்தப் போறாரு, நீங்க பாத்துக்கிடுங்க."

எனக்குத் தெரியாத வழக்கமா இது? என் தங்கைக்கு மாப்பிள்ளை விசாரிக்கப் போய், இதே மாதிரி ஒரு பதிலைக் கேட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்தவன் நான். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், என் வீட்டுக் கூடத்தில், நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் உண்மை.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனேன். அங்கேயே நின்றுவிட்டேன். முந்தின வாரம் வேறொருவர் தம் மருமகனைப் பற்றிக் கேட்டு வந்திருந்தார். அவன் போகப் போகிறவன். அவரிடமும் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருந்தேன். இப்போது சுஜினுக்கு மட்டும் 'தங்கமான பையன், வேலை உறுதி' என்று சொன்னால், பேச்சு சந்திப்பைத் தாண்டி மார்த்தாண்டம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? நான் யாரைப் பற்றிப் பேசினேனோ அவன் இருப்பான், யாரைப் பற்றிப் பேசவில்லையோ அவன் போவான் என்று எல்லாரும் கணக்குப் போட்டுவிடுவார்கள். இன்னும் சொல்லப்படாத கெட்ட செய்தியை, அவர்கள் வீட்டார் கடைத்தெருவில் கேட்க நேரும்.

மேடத்துக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டார்.

"அந்தப் பையனுக்காக நான் வருத்தப்படறேனுங்க," என்றார் கடைசியில். "ஆனா ஒருத்தருக்கு வாயைத் திறந்தா மத்த எல்லாருக்கும் திறந்த மாதிரி. அறிவிப்பு வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க. அப்புறம் நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க."

சரி என்றேன். சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். அதுதான் என்னைத் தின்கிறது. தப்பு செய்தேன் என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். சரியாகச் செய்ததற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

நிச்சயம் நின்றுபோனது. தங்கராஜ் அண்ணன் வாக்குக் கொடுத்தபடி என் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மார்த்தாண்டம் கம்பெனியில் விசாரித்ததாகச் சொல்லியிருக்கிறார். இரணியலிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போகிறவன் நான் ஒருவன்தான். அடுத்த வாரம் சுஜின் என் அறைக்கு வந்தான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு நின்றான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், அனிதா வீட்டுல வந்து கேட்டாவளாம். நீங்க என்ன சார் சொன்னிய?"

"ஒண்ணும் சொல்லல்ல, சுஜின்."

"அது தெரியும் சார். ஏன் சொல்லல்ல?"

அவன் கோபத்தில் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ கணக்கில் இடறிய பையன் வாத்தியாரிடம் கேட்பது போலக் கேட்டான். "எனக்கிட்ட ஏதாவது கொறை உண்டுமா சார்? இருந்தா சொல்லுங்க, நான் திருத்திக்கிடுதேன்."

"குறை ஒண்ணும் இல்ல" என்றேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இருந்தது.

"அப்ப இத அவுககிட்ட ஒரு வாக்கு சொல்லுங்க சார். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போவல்ல. அந்தப் பிள்ள நேத்து எனக்கு மெசேஜ் போட்டிச்சு, அப்பாகிட்ட யாரோ என்னமோ சொல்லியிருக்காவன்னு."

நான் மேஜை மேலிருந்த கோப்பை மூடி வைத்தேன். அவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அவன் காதுகள் மெல்லச் சிவந்தன. பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப, போறவங்கள்ல நானும் உண்டுமா சார்? அதுக்காகத்தான் சொல்லல்லியா?" என்று கேட்டான்.

அதற்கும் என்னிடம் இருந்தது ஒரே பதில்தான். "அறிவிப்பு வர்றதுக்கு முன்னாடி அதப் பத்தி நான் யார்ட்டயும் பேச முடியாது."

அவன் தலையை ஆட்டினான். "வெளங்கிச்சு சார்" என்றான். தங்கராஜ் அண்ணன் சொன்ன அதே வார்த்தை. அந்த மாதமே ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு, திருவனந்தபுரத்தில் எங்கோ வேலை கிடைத்துப் போனான். அனுப்பாத ஒருவன் தானாகவே போனான். அவன் விட்ட இடத்தில், போக வேண்டிய ஒருவர் தப்பித்தார். அவர் அடுத்த தீபாவளிக்கு எனக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்தார். நான் அதைத் திறக்கவில்லை.

அறிவிப்பு வந்தது. மேடம் சொல்லிக் கொடுத்தபடி பக்கவாட்டில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, பெயர் சொல்லி, முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை. எல்லாம் முடிந்த அன்று மாலை நேராகத் தங்கராஜ் அண்ணன் கடைக்குப் போனேன். ஒரு வாடிக்கையாளருக்குக் குழாய் அளந்துகொண்டிருந்தார். முடியட்டும் என்று நின்றேன்.

"அண்ணே, அந்த சுஜின் தங்கமான பையனாக்கும். ஒரு குறையும் கிடையாது. அன்னைக்கு ஆபீஸ் கட்டுப்பாட்டுல நான் சொல்ல முடியாமப் போச்சு."

அளவு நாடாவை அவர் மடக்கவில்லை, கையில் தொங்கவிட்டபடியே நின்றார். "இத அன்னைக்குச் சொல்லப்பிடாதாடே? அனிதாவுக்கு மஸ்கட் மாப்பிள நிச்சயமாயாச்சு. கார்டு அடிச்சாச்சு." பிறகு, "அவ ஒரு வாரம் சரியா சாப்பிடல்ல பாத்துக்கோ. நான் அவள ஏசினேன்" என்றார். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு அழைத்தார். போனேன். அனிதா என்னைப் பார்த்து, எல்லாரையும் பார்த்துச் சிரித்த மாதிரியே சிரித்தாள். அப்பாவிடம் பேசிய அந்த 'யாரோ' நான்தான் என்று அவளுக்குத் தெரியாது.

ஒப்பந்தம் முடிந்த கடைசி நாளில், அங்கிருந்து போன அத்தனை பேருக்கும் பொன்னாடையும் கேக்கும் ஏற்பாடு செய்த நான், என் அடையாள அட்டையை வாசலில் காவலரிடம் கொடுத்துவிட்டுத் தக்கலை பஸ் ஏறினேன். பிரிவு உபசாரம் ஏற்பாடு செய்வது எச்.ஆரின் வேலை. எச்.ஆரே போகும்போது அதைச் செய்ய ஆள் கிடையாது. எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான் வெளியே வந்தேன், அதற்காக வருத்தப்பட்டதும் இல்லை. அந்த ஒரு பஸ் பயணத்தில் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வருடங்கள் ஓடிவிட்டன. அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகன் அருண் பொறியியல் முடித்து, திருவனந்தபுரத்தில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். போன வருடம் அவனுக்குக் குலசேகரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. ஒப்பந்தக்காரன் மகன் என்பதால் பெண் வீட்டில் கொஞ்சம் தயங்கியதாகத் தரகர் சொன்னார். வேலையிடத்தில் விசாரித்த பிறகு முடிவு சொல்வதாகச் சொல்லி அனுப்பினார்கள். லதாவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. எனக்கும் இல்லை, ஆனால் வேறு காரணத்தால்.

மூன்றாம் நாள் பெண்ணின் அப்பா தாமே வீட்டுக்கு வந்தார். வந்தவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"அருணுக்க கம்பெனியில நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் பெரிய மேனேஜரா இருக்காரு. சுஜின்னு பேரு. அவர்ட்ட போய் நின்னேன். நான் கேட்டு முடிக்கல்ல கேட்டியளா, 'தங்கமான பயலாக்கும், கண்ண மூடிட்டுக் குடுங்க' ன்னுட்டாரு. 'அப்பா ஆளு எப்படி' ன்னு கேட்டேன். 'அவரையும் தெரியும், நேர்மையான மனுஷன்' ன்னாரு. பின்ன என்ன வேணும்?"

லதா என்னைப் பார்த்தாள். நான் தேநீர் எடுத்துவருவதாகச் சொல்லி எழுந்து சமையலறைக்குள் போய், அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றேன்.

அருண் கல்யாணத்துக்குச் சுஜின் வந்திருந்தான். லேசாக நரை, கொஞ்சம் தொந்தி. கூடவே மனைவியும் சின்னப் பெண் குழந்தையும். என்னைப் பார்த்ததும், "சார், நல்லா இருக்கியளா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ வருடமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தவை ஒன்றும் வரவில்லை. "அருணைப் பத்தி கேட்டப்ப நீ சொன்னியாமே" என்று மட்டும் சொன்னேன்.

"நல்ல பையன நல்ல பையன்னு சொல்லியதுக்கு என்ன சார்? கேக்க வந்தவரு என் வாயையே பாத்துட்டு நிக்காரு. ஒரு வாக்குதானே."

அவன் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் அவன் மனைவி பக்கம் திரும்பினேன். பந்திக்குப் போகும் கூட்டம் எங்களைச் சுற்றி நின்றது. யார் காதில் விழுந்தாலும் சரி என்று, கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அம்மா, இவன் தங்கமான பையன். ஒரு குறையும் கிடையாது. எனக்கு நல்லாத் தெரியும்."

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "இனி சொல்லி என்ன சார், கெட்டிக்கிட்டாச்சே!"

சுஜினும் சிரித்தான். அவன் காதுகள் மட்டும் சிவந்திருந்தன.